ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் பிரிந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அயல்நாடுகளில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு வரவழைத்து, முன்னோரின் மண்ணையும் மரபையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்தும் ‘வேர்களைத் தேடி’ என்னும் அரசுத் திட்டத்தைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். திட்டத்தின்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. வருகிற பிள்ளைகள் நன்றாக வந்து, பார்த்து, மகிழ்ந்து போகட்டும். ஆனால் ஒருவர் எங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும் அவருடைய வேர் பாட்டன் பூட்டன் ஊரில்தான் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அவர் தமக்குரிய இடத்தை அடைந்துவிடுவார் என்பதை மறுபேச்சுக்கு இடமில்லாத உண்மையைப் போலக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. இதே கருத்தை நம்பி இரண்டு அரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதன் விளைவாக, பதினொரு வயதில், இலங்கை மலைநாட்டின் மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ‘தாயகம் திரும்பிய’வள் நான். எனக்கு அது தாயகத்துக்குத் திரும்புதலாக இருக்கவில்லை. அதற்கு முன் நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

இளைய வாசகர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அங்கு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலம் தொட்டு மலைகளைத் திருத்தித் தோட்டங்களாக்கிய தமிழ்த் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் குடிமக்கள் அல்லாதவராக ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவ்வாறு நாடற்று நின்றவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவு செய்தது. அந்த மிச்சத்தையும் 1974ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் நாட்டுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியக் குடியுரிமை பெறும் ஒவ்வோர் ஏழு பேருக்கும் நான்கு பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவார்கள் என்று 1967ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் விகிதம் வகுத்தது. யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் அன்றே கண்டித்தார்.

ஏழுக்கு நான்கு என்னும் அந்த விகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட விரும்புகிறேன். பணிக்காலம் முழுவதும் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் விகிதக் கணக்கின்மீது எனக்குப் பகை இல்லை. அந்தக் கணக்கில் எண்களுக்குள் ஒன்றோடொன்று பழக்கம் கிடையாது என்பதுதான் அதன் வசதி. எந்த ஏழு பேரை எடுத்தாலும், எந்த நான்கு பேரை விட்டாலும் விடை மாறுவதில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் அப்படி இருக்கவில்லை. எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்பதைக் குடும்பத் தலைவர் முடிவு செய்தார். பிள்ளைகள் அவருடைய மனுவில் ஒட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக்கொடுத்த வீடுகள் உண்டு. சிலர் அச்சத்தால் எழுதினார்கள்; சிலர் 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பிடித்த பஞ்சத்தில், மாவுக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்று அலுத்துப்போய் எழுதினார்கள்; இங்கே நிலம் கொடுக்கிறார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். என் தந்தையார் இந்தியா என்று எழுதினார். அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருந்த என் தோழியின் தந்தையார் இலங்கை என்று எழுதினார். இருவரும் ஒரே மலையில் ஒன்றாகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்கள்; தங்கள் முடிவுக்கு அவர்கள் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளின் நட்பு எப்படிப்பட்டது என்பது தெரியாமல் இந்தப் பிரிவின் கனத்தை அளக்க முடியாது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு காம்பராவுக்கும் முன்னால் குறுகலான இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம், இருக்கும். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்று வீடுகளுக்குக் கேட்கும். விடியும் முன்பே, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனால் மாலைதான் திரும்புவார்கள். மடுவத்துக்கும் வயது கடந்து, வேலைக்கும் வயது வராத பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று கேட்டால், அவர்களைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள்தான் வளர்த்தார்கள் என்பதே நேர்மையான பதில். மலை ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு பொறுக்குவது, தம்பி தங்கைகளின் மூக்கைத் துடைப்பது, ஓராசிரியர் பள்ளியில் கீழ் வகுப்புக்கு மேல் வகுப்புப் பிள்ளை எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் எங்களுக்குள் நடந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நட்பு என்பது பாடத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் விளையாட்டு நேரம். எங்களுக்கு அது வளர்ப்பாகவே இருந்தது. நான், அந்தத் தோழி, கடைசிக் காம்பராவில் இருந்த இன்னொருத்தி என மூவரும் சேர்ந்தே சிறியவர்களை மேய்த்தோம், சேர்ந்தே அடியும் வாங்கினோம். என் தங்கை என் இடுப்பில் இருந்த நேரத்தைவிடத் தோழியின் இடுப்பில் இருந்த நேரம் அதிகம். பெரியவர்களாகி அதை நட்பு என்று சொல்லும்போது கொஞ்சம் குறைத்துச் சொல்கிறோமோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளைத்தான் ஒப்பந்தம் ஒவ்வொரு வீடாகக் கழற்றியது. எல்லாரும் ஒரே நாளில் போயிருந்தால் அது வேறு மாதிரியான துயரமாக இருந்திருக்கும். இங்கோ, இந்த மாதம் ஒரு குடும்பம், அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் என்று கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்திலிருந்து கடவுச்சீட்டும் தாயகம் திரும்புவோருக்கான குடும்ப அட்டையும் வர வர, பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் அடிக்கப்பட்டுக்கொண்டே வந்தன. கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னார் துறையில் ‘இராமானுஜம்’ கப்பலுக்குக் காத்திருந்து, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தோம். பாட்டன்மார் போன காலத்தில் கப்பல் தனுஷ்கோடியிலிருந்து புறப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் அடித்த 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையையே அழித்துவிட்டதால், நாங்கள் வந்திறங்க ராமேசுவரம்தான் மிஞ்சியிருந்தது. மண்டபம் மட்டும் மாறவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்துப் பார்த்து அனுப்பிய அதே முகாமில்தான், அவர்களுடைய பேரப்பிள்ளைகளை எந்த மாவட்டத்துக்கு அனுப்புவது என்று அட்டையைப் பார்த்து அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

இனி, கட்டுரையாளர் சொல்லும் அந்தப் பாட்டன் ஊருக்கு வருகிறேன். எங்களுக்கும் அப்படி ஓர் ஊர் இருந்தது, துறையூர்ப் பக்கம். என் தந்தையார் பிறந்ததிலிருந்து அந்த ஊரின் பெயரைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். எங்களையும் சொல்லவைத்து வளர்த்தவர். குலதெய்வத்தின் பெயர், பங்காளிகளின் பெயர், கிணற்றடி மரம் வரை மனப்பாடமாக வைத்திருந்தார். நாங்கள் போய் நின்றபோது உறவினர்கள் எங்களை விரட்டவில்லை. சாப்பாடு போட்டார்கள், பாட்டன் சாயல் இருக்கிறது என்றார்கள். இரவில் பெரியவர்கள் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என்னவென்று மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது: இவர்கள் பங்கு கேட்க வந்திருக்கிறார்களா என்பதே அந்தப் பேச்சு. அவர்களை நான் பழிக்க மாட்டேன். மழையை நம்பிய அரைக்காணி மேட்டு நிலத்தில் நான்கு குடும்பங்கள் பிழைத்துக்கொண்டிருந்தன. ஐந்தாவதாக நாங்கள் கடலிலிருந்து முளைத்தோம். அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு, ஊரில் ஒருவராக ஏற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் போடும் தலைக்கட்டு வரி எழுதியபோது எங்கள் வீட்டுக்கு எழுதவில்லை. வரி கொடுக்காமல் தப்பித்தோம் என்று யாரும் மகிழவில்லை என்பதைக் கிராமத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, எங்களுக்கும் ஒரு தலைக்கட்டு எழுதினார்கள்; அந்த ரசீதைத் தந்தையார் மடித்துத் தம் குடும்ப அட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். ஆகவே பூர்வீகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ரத்தத்தில் தானாக வந்து சேர்வதில்லை, கூட இருந்து, கொடுத்து வாங்கித்தான் வரவேண்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

மறுவாழ்வுக்கு என்ன உதவி என்ற இடத்தில் எங்கள் குடும்ப அட்டையில் வியாபாரக் கடன் என்று எழுதியிருந்தது. வாழ்நாளில் தேயிலையைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு மனிதரைக் கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. எங்களைப் போலவே சமவெளியில் தோற்ற பல்லாயிரம் குடும்பங்கள், தாங்கள் அறிந்த குளிரையும் தாங்கள் அறிந்த வேலையையும் தேடி மீண்டும் மலையேறின. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968ஆம் ஆண்டு வனத்துறையின் கீழ்த் தொடங்கப்பட்டுப் பின்னர்த் தனி நிறுவனமான டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கிடைத்தது. வேறு சிலர் கன்னியாகுமரி மாவட்டத்திலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் அரசு ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. நான் இப்போது வாழும் இந்த நீலகிரியில் எங்களுக்கு முன்பிருந்தே வாழும் தோடர், கோத்தர், இருளர், பணியர், படுகர் ஆகியோர் பார்வையில் நாங்கள் திடீரென்று வந்து இறங்கிய கூட்டம்; காட்டை அழித்து எங்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதும் மறைக்கக் கூடியதல்ல. அங்கே இந்தியாக்காரர் என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்றார்கள். இதை எத்தனையோ பேர் எழுதிவிட்டதால் நான் நீட்டவில்லை.

ஆனால் ஒரு செய்தி இதில் கவனிக்கத் தக்கது. மலையேறிய குடும்பங்கள் இங்கே வந்து எங்கே குடியேறின என்று பாருங்கள். பூர்வீக மாவட்டம் பார்த்து, திருச்சிக்காரர் ஒரு பக்கம், சேலத்துக்காரர் ஒரு பக்கம் என்று குடியேறவில்லை. இன்ன தோட்டத்துக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து அவர்கள் பக்கத்தில் குடிசை போட்டார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பழைய ஆட்களிடம் நீங்கள் யார் என்று கேட்டால், பாட்டன் ஊருக்கு முன்னால், பொகவந்தலாவை என்றும் தலவாக்கலை என்றும் தோட்டத்தின் பெயரும் அதன் உட்பிரிவான டிவிஷனின் பெயரும் வரும். திருமணங்கள்கூட அந்தத் தொடர்பில் பேசி முடிக்கப்பட்டன. தங்களைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் மனிதர்கள் கால் ஊன்ற முயல்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தால், யார் யாரோடு சேர்ந்து வளர்ந்தார்கள் என்று ஒரு பத்தியாவது அந்தப் படிவங்களில் சேர்த்திருப்பார்கள். ஒரு லயத்தை அப்படியே ஓர் இடத்தில் குடியமர்த்தியிருக்கவும் முடியும். அதற்குக் கூடுதல் செலவுகூட ஆகியிருக்காது.

பள்ளியில் சேரும் பிள்ளைகளின் படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தை நிரப்பிக்கொடுக்கும் வேலை ஆண்டுதோறும் என்னிடமே வந்து சேரும். பிள்ளை இங்கே பிறந்தது. தாயும் இங்கேதான் பிறந்தாள். ஆனாலும் பாட்டி என் அருகில் வந்து நின்று, டீச்சர், மஸ்கெலியா என்று எழுதலாமா என்று மெல்லக் கேட்பார். எழுதினால் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது சிக்கலாகும் என்று சொல்லித் தடுப்பேன். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்ப்பார். கூடலூர் பக்கத்தில், ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இன் கீழ் உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களில் பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறைகளாக இருப்பவர்களுக்கும், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று கலங்குபவர்களுக்கும் இந்தச் சொந்த ஊர்க் கேள்வி வெறும் மனக்கேள்வி அல்ல. 2022ஆம் ஆண்டு டான்டீ நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று அரசு முடிவு செய்தபோது எங்கள் பகுதியில் எழுந்த பதற்றத்தைத் தங்கள் இதழே செய்தியாக்கியது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

தோழிக்கு வருகிறேன். சில ஆண்டுகள் எங்களுக்குள் விமானத் தபால் போய் வந்தது. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு அவள் கடிதம் வரவில்லை. 1984ஆம் ஆண்டு கப்பலும் நின்றுபோனது. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்து, எங்கள் தோட்டத்தின் பெயரில் யாரோ ஓர் இளைஞர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். முதல் முறை பேசியபோது இருவருக்கும் பேச்சே வரவில்லை என்று சொன்னால் படிப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பிள்ளைகள் எத்தனை பேர், கணவர் இருக்கிறாரா, சர்க்கரை நோய் உண்டா என்று அறிமுகமில்லாதவர்கள் போலக் கேட்டுக்கொண்டோம். நான் நினைவில் வைத்திருந்த பலவும் அவளுக்கு நினைவில் இல்லை. இனி இது இவ்வளவுதான் என்று நான் எண்ணிய நேரத்தில் அவள், ‘ஏ புள்ள, நம்ம சின்னக்குட்டியக் கொண்டுபோன அன்னைக்கும் இப்படித்தான் மழை’ என்றாள்.

சின்னக்குட்டி என் தங்கை. நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டு, காய்ச்சலில் போய்விட்டாள். குடும்ப அட்டையில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் மட்டுமே உண்டு என்பதால் அவள் பெயர் அதில் இல்லை. படம் எதுவும் எடுத்ததில்லை. பிறப்பு, இறப்புச் சான்று எதுவும் எங்களிடம் இல்லை. என் பெற்றோரும் காலமாகிவிட்டார்கள். தம்பி இங்கே வந்த பிறகு பிறந்தவன். அப்படி ஒரு குழந்தை இருந்தாள் என்பதை அறிந்தவள் இந்த உலகில் நான் ஒருத்திதான் என்றே பல காலம் எண்ணியிருந்தேன். துறையூர் பங்காளிகளில் யாருக்கும் அவளைத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. அவளை இடுப்பில் வைத்திருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த இடத்தை என் இடம் என்று சொல்வது என்ற கேள்விக்கு, என் வீட்டில் நடந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆள் இருக்கும் இடம் என்று நான் அன்று முதல் பதில் வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் சரி.

பிறகு நான் அங்கே போயும் வந்தேன். லயம் இருக்கிறது, தகரம் மாற்றியிருக்கிறார்கள், எங்கள் காம்பராவில் இருக்கும் பெண் தேநீர் கொடுத்தார். தோழி என்னைப் புதைமேட்டுக்குக் கூட்டிப்போய், அந்த இடத்தில் இப்போது தேயிலை போட்டுவிட்டார்கள் என்பதைக் காட்டினாள். இத்தனைக்கும் இடையில் அவள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? தன் பாட்டன் ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். இலங்கைக் குடியுரிமை பெற்று, அங்கேயே வாழ்ந்து, பேரப்பிள்ளை எடுத்துவிட்ட பின்னும், சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் லயத்திலேயே இருப்பவள் அவள். இலங்கையின் தோட்டத் தமிழரான மலையக மக்கள் தங்கள் முன்னோர் வந்திறங்கி 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்களே, அந்த நடையில் அவள் மகள் ஒரு நாள் கலந்துகொண்டாளாம். நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள் அம்மா என்று அன்று மாலை மகள் கேட்டபோது அவளிடம் விடை இல்லை. சேலம் பக்கம் என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. போனவளுக்கு அங்கே ஒரு கல்லறை தேவைப்பட்டது, இருந்தவளுக்கு இங்கே ஓர் ஊர் தேவைப்பட்டது. எங்கள் இருவருடைய தேவையும் அரசுக் காகிதங்களில் எங்கோ கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய காரணம்.

இலங்கையிலிருந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அட்டை எழுதப்பட்டது. மண்டபத்தில் பெயர் பதியப்பட்டது. எந்த மாவட்டத்துக்கு, என்ன உதவிக்கு அனுப்பப்பட்டார்கள் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் கோப்பு திறக்கப்பட்டது. அந்தப் பதிவேடுகளில் எஞ்சியிருப்பவற்றைத் தமிழ்நாடு அரசு ஒன்றுதிரட்டி, ஆவணக் காப்பகத்தில் வைத்து, குடும்பத்தார் தேடிப் பார்க்கும்படி அட்டவணை செய்ய வேண்டும். அந்த அட்டவணையைப் பூர்வீகக் கிராமத்தின் பெயரில் மட்டும் செய்தால் எங்களுக்குப் பாதிப் பயன்தான். புறப்பட்ட தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு ஆகியவற்றின் வரிசையிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்தது அந்தப் பெயர்களில்தான். முகவரியையும் பிற விவரங்களையும் எல்லார்க்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. தேடுகிறவர் மனுக்கொடுக்க, தேடப்படுகிறவர் சம்மதித்தால் இருவரையும் இணைத்துவைக்கும் ஓர் ஊழியர் இருந்தால் போதும். ‘வேர்களைத் தேடி’ திட்டத்தில் மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில இடங்களை ஒதுக்கி, அவர்களை மாமல்லபுரத்துக்கும் தஞ்சைக்கும் மட்டுமல்லாமல் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அழைத்து வரலாம். அவர்களுடைய பாட்டிமாரின் தோழிகள் இங்கே இருக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023இல் கப்பல் விடப்பட்டது. ராமேசுவரம், தலைமன்னார் கப்பலைப் பற்றியும் அவ்வப்போது பேச்சு எழுகிறது. அதைச் சுற்றுலாவுக்கும் சரக்குக்கும் என்று மட்டும் திட்டமிடாமல், அந்த வழியில் வந்தவர்கள் ஒருமுறை திரும்பிப் போய் வரச் சலுகைக் கட்டணம் வைக்கலாம். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டோம். தோட்டத்தின் பழைய பெயரும் கங்காணியின் பெயரும் தெரிந்த எங்கள் முந்தைய தலைமுறையில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள் என்பதால், இது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடிய வேலை அல்ல.

அரசு செய்கிறபோது செய்யட்டும். அதற்குள் தங்கள் நாளிதழ், வாரம் ஒரு நாள், கால் பக்கம் ஒதுக்கினால், புறப்பட்ட தோட்டம், ஆண்டு, தேடப்படும் ஆளின் அடையாளம் ஆகிய மூன்றை மட்டும் வாசகர்கள் எழுதியனுப்ப, விடை தெரிந்தவர்கள் தங்கள் அலுவலகத்துக்கே எழுதலாம். பெயரும் முகவரியும் தங்களிடமே இருக்கட்டும். ஏற்றுக்கொண்டால், முதல் விவரத்தை நானே தருகிறேன்: எங்கள் மூவரில் மூன்றாமவள். மஸ்கெலியாப் பகுதி, கீழ்ப் பெரட்டு லயம், கடைசிக் காம்பரா. 1975 வாக்கில் கப்பலேறிய குடும்பம். சுள்ளியா ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டதாகக் கேள்வி. வலது புருவத்தின்மேல் பீலிக் கல்லில் விழுந்த தழும்பு இருக்கும். கன்னடம் பேசப் பழகியிருப்பாள். இந்தக் கடிதத்தை அவள் படிக்காவிட்டாலும், அவள் பக்கத்து வீட்டில் தமிழ் நாளிதழ் வாங்குகிறவர் யாரேனும் இருக்கக்கூடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.